வாத்துக்குப் போட்ட மீனும் நான் போட்ட தப்புக் குறியும்

பரணை ஒழித்தபோது 1988-ஆம் வருடத்து பிளஸ் டூ விலங்கியல் விடைத்தாள் ஒன்று அகப்பட்டது. "ஒட்டுண்ணி உள்ள மீன் மெலியும்" என்பது நான் நடத்திய பாடம். ஒருவன் "சில சமயம் நன்றாக வளரவும் செய்யும்" என்று சேர்த்து எழுதியிருந்தான். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அழுத்தியதில் தாளே கிழிந்திருக்கிறது.

ஐரோப்பாவின் ஓடைகளிலும் குளங்களிலும் ஸ்டிக்கிள்பேக் என்றொரு மீன் உண்டு. விரல் நீளம், முதுகில் மூன்று முள். அதன் வயிற்றில் இருக்கும் வெள்ளை நாடாப்புழுவுக்கு 1776-இல் டென்மார்க்கின் முல்லர் பெயரிட்டார். ஆனால் இப்படிப்பட்ட புழு உடம்புக்குள் எப்படி வந்தது? அதுதான் அன்றைய சண்டை. பெர்லின் மருத்துவர் ப்ளாக், அவை பிறவியிலேயே உள்ளே இருப்பவை என்று 1782-இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். (தரங்கம்பாடியிலிருந்து பாதிரியார் ஜான் அனுப்பிய மீன்களை ஆராய்ந்த அதே ப்ளாக்தான். நம் விராலுக்கு அறிவியல் பெயர் வைத்தவரும் அவரே.)

கோபன்ஹேகனில் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கிய ஆபில்கார்டு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. புழு இருந்த மீன்களை வாத்துகளுக்குத் தின்னக் கொடுத்தார். மீனுக்குள் முதிராமல் கிடந்த புழு, வாத்தின் குடலில் முதிர்ந்துவிட்டது! 1790-இல் இதை வெளியிட்டார். வருடக்கணக்கில் கரும்பலகையில் வாழ்க்கைச் சுழற்சி வட்டம் வரைந்த நான், அவர் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை.

பறவையின் எச்சத்தோடு முட்டை நீரில் விழும். பொரிந்து வரும் இளம்புழுவை சைக்ளாப்ஸ் போன்ற நுண்ணுயிர் விழுங்கும், அதை மீன் விழுங்கும். 1946-இல் ஸ்மித் என்ற ஆய்வாளர், மீனிலிருந்து எடுத்த புழுவைப் பறவையின் உடற்சூடான 40 டிகிரியில் கண்ணாடிக் குழாயில் வைத்தார். இரண்டு மூன்று நாளில் முட்டையிட்டது. ஆக, பறவையிடம் அது எதிர்பார்ப்பது பெரும்பாலும் சூடுதான். சோறு போட்டு வளர்த்தது மீன்.

சில மீன்களில் புழுவின் எடை மீனின் சொந்த எடையையே எட்டிவிடும். தராசில் வைத்தால் "ஆஹா, என்ன வளர்த்தி" என்போம். புழுவை எடுத்துவிட்டு நிறுத்தால், இயற்கை நீர்நிலை மீன் பெரும்பாலும் மெலிந்துதான் இருக்கும். இனப்பெருக்கமும் தடைபடும். பசி தாங்காமல், பறவை பயத்தையும் மறந்து இரை தேடும். இதுவரை என் பாடம் சரி.

ஆனால் 2000-இல் பிரிட்டனின் ஆர்னாட், பார்பர், ஹன்டிங்ஃபோர்டு மூவரும் ஆய்வகத்தில் தாராளமாக இரை போட்டு வளர்த்தபோது, புழு தொற்றிய மீன்களே வேகமாக வளர்ந்தன. உடல்வாகிலும் குறையில்லை. குளத்தில் இரை எவ்வளவு என்ற கேள்வியை நான் வகுப்பில் கேட்கவே இல்லை.

தம்பி, தாளில் உன் பெயர் இருக்கிறது, இங்கே போடமாட்டேன். கடைசி பெஞ்ச், அப்பாவோடு ஏரியில் வலை வீசப் போவாய். எதைப் பார்த்து அப்படி எழுதினாய் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன், எழுது. அந்த ஒரு மார்க்கைக் கூட்டிப் போட்டுவிட்டேன்.