பெயர் அட்டை: தாளிலா, கைப்பேசியிலா?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று சொந்தமாகத் தொழில் செய்கிறார்கள். ஒருவர் வீடுகளுக்கு மின்கம்பி இழுத்துக் கொடுக்கிறார். ஒருவர் லாரி வைத்திருக்கிறார். இன்னொருவர் கல்யாண வீடுகளுக்குச் சமையல் ஏற்றுச் செய்கிறார். தொழில் தொடங்கியதும் அவர்கள் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. நம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தாளில் அச்சடித்துக் கொடுப்பதா? அல்லது கைப்பேசி வழியாகவே கொடுத்துவிடலாமா? சிறிய கேள்விதான். ஆனால் பெயர் அட்டையின் வரலாற்றை அறிந்துகொண்டால் விடை காண்பது எளிதாகும்.

தாள் பரவுவதற்கு முன்பே பெயர் அட்டை இருந்தது என்றால் நேயர்கள் வியப்படையலாம். சீன நாட்டின் மாஆன்ஷான் என்னும் ஊரில் 1984-ஆம் ஆண்டு ஒரு பழைய கல்லறையைத் தோண்டினார்கள். அது சூ ரான் என்ற படைத்தலைவரின் கல்லறை. அவர் கி.பி. 249-இல் இறந்தவர். அவரோடு புதைக்கப்பட்ட பொருள்களில் மெல்லிய மரப்பட்டிகளும் இருந்தன. அவற்றில் அவர் பெயரும், ஊரும், பார்க்கப் போகும் பெரியவரை வணங்கி நலம் விசாரிக்கும் சொற்களும் மையால் எழுதப்பட்டிருந்தன. வாயிற்காவலரிடம் அதைக் கொடுத்தனுப்பிவிட்டு வெளியே காத்திருப்பது அக்கால வழக்கம். பின்னர்த் தாள் பரவியது. சோங் அரசர்கள் காலத்தில், புத்தாண்டு நாளில் எல்லா வீடுகளுக்கும் நேரில் போக இயலாதவர்கள் தம் பெயரெழுதிய தாளை வேலையாள் மூலம் அனுப்பிவைத்தார்கள். அட்டை என்பது ஆளுக்குப் பதிலாகப் போகும் தூதன். இதை நாம் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் இரண்டு வகை அட்டைகள் இருந்தன. ஒன்று, சீமான்களும் சீமாட்டிகளும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும்போது கொடுத்த அட்டை. அதில் பெயர் மட்டுமே இருக்கும். நேரில் வந்து கொடுத்ததற்கு அடையாளமாக அட்டையின் மூலையை மடித்து வைப்பதும் உண்டு. மற்றொன்று கடைக்காரரின் அட்டை. வில்லியம் ஹோகார்த் என்னும் ஓவியர் செதுக்குச் சிற்ப வேலை தொடங்கியபோது, 1720-இல், தம் தொழிலுக்கான அட்டையைத் தாமே செதுக்கி அச்சிட்டார். அந்நாளில் லண்டன் வீடுகளுக்குக் கதவெண் கிடையாது. 1760-களில்தான் எண்ணிடும் வழக்கம் பரவியது. அதனால் கடை அட்டையில், இன்ன கோயிலுக்கு எதிரே, இன்ன படம் தொங்கும் கடை என்று வழி எழுதியிருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துக் கடையைக் கண்டுகொள்வார். காலப்போக்கில் இந்த இரண்டு அட்டைகளும் ஒன்றாகி, இன்று நாம் காணும் பெயர் அட்டை ஆயிற்று.

ஜப்பானியர்களும் சீனர்களும் இந்த அட்டையை இரண்டு கையாலும் கொடுத்து, இரண்டு கையாலும் வாங்குவார்கள். நம் நாட்டிலும் வணிகர்களிடையே இவ்வழக்கம் உண்டு. தாம்பூலத் தட்டை இரு கையாலும் ஏந்திக் கொடுக்கும் நமக்கு இந்த மரியாதை புதிதன்று.

இனி நம் மக்களின் கதைக்கு வருவோம். தோட்டத்தில் நம் பாட்டன் பாட்டிகளுக்குப் பெயர் அட்டை ஏது? விடியுமுன் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றார்கள். கிராணியார் பேரேட்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டார். கூப்பிட்டால்தான் அன்றைய கூலி. அந்தப் பேரேட்டில் பெயரை எப்படி எழுதுவது என்பதைப் பெயருக்கு உரியவர் முடிவு செய்யவில்லை. எழுதுகோலைப் பிடித்தவர் முடிவு செய்தார். ஒரே ஆளின் பெயர் ஒரு தாளில் ஒரு விதமாகவும், இன்னொரு தாளில் வேறு விதமாகவும் எழுதப்பட்டதால் பிற்காலத்தில் தொல்லைப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ.

அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட 1948-இல், 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை அரசாங்கம் பதிவு செய்தது. நிழற்படமும் பெருவிரல் ரேகையும் உள்ள அடையாள அட்டை தோட்டத்து மக்களின் கைக்கும் வந்தது. அந்தத் தாள் இல்லாமல் வெளியே நடமாடுவது ஆபத்தாயிற்று. காட்டிலிருந்து வந்தவர்கள் அதைப் பறித்துக் கிழித்துப் போட்டதும் உண்டு. ஒரு துண்டுத் தாளுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை நம் மக்கள் அன்றே அறிந்துகொண்டார்கள்.

அடையாள அட்டை வேறு, பெயர் அட்டை வேறு. இவர் இன்னார் என்று அரசாங்கம் சொல்வது அடையாள அட்டை. நான் இன்னார், இன்ன வேலை எனக்குத் தெரியும் என்று நாமே சொல்லிக்கொள்வது பெயர் அட்டை. பேரேட்டில் பெயர் கூப்பிடக் காத்து நின்றவரின் பேரப்பிள்ளை, தன் பெயரைத் தான் விரும்பியபடி அச்சிட்டுப் பிறர் கையில் கொடுக்கிறார். இது சாதாரண மாற்றம் அன்று.

இப்போது கைப்பேசிக்கு வருவோம். பெயர், எண், முகவரி ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் எழுதிக் கணினிக்குக் கணினி அனுப்பும் முறை 1995-இல் உருவானது. அதன் பெயர் வீகார்ட். 1998-இல் பாம் என்ற கையடக்கக் கருவிகளை எதிரெதிரே பிடித்தால், கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் வழியே அட்டை தாவிச் சென்றது. அதற்கு முன்பே, 1994-இல், ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் ஹரா மசாஹிரோவும் அவர் குழுவினரும் கியூ.ஆர். குறியீட்டை உருவாக்கியிருந்தார்கள். மோட்டார் வண்டிப் பாகங்களைக் கணக்கு வைக்கவே அது பிறந்தது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்த அந்நிறுவனம் விட்டுக்கொடுத்ததால் அது உலகெங்கும் பரவியது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 முதல், கடை வாசல்தோறும் மைசெஜாத்ரா குறியீட்டைப் படம்பிடித்து உள்ளே சென்றோமே, அது இந்தக் குறியீடுதான்.

கைப்பேசி அட்டையில் நன்மை உண்டு. எண் மாறினால் திருத்திக்கொள்ளலாம். அச்சுக்கூலி இல்லை. தீர்ந்து போகாது. வாங்கியவர் எண்ணைத் தப்பாக அழுத்தவும் மாட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2009-இல் பம்ப் என்னும் செயலி வந்தது. இரண்டு கைப்பேசிகளை இலேசாக இடித்தால் போதும், விவரங்கள் மாறிக்கொள்ளும். பல இலட்சம் பேர் பயன்படுத்தினார்கள். 2013-இல் கூகல் நிறுவனம் அதை வாங்கியது. 2014 ஜனவரியில் மூடிவிட்டது. அதையே நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. சூ ரானின் மரப்பட்டியோ 1700 ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணுக்குள் கிடந்தும் படிக்கும்படி இருந்தது. எனவே, நம் பெயர் யார் கையில் இருக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கியூ.ஆர். குறியீட்டிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நம் பெயரும் எண்ணும் அந்தக் கட்டங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கும். அலைவரிசை கிடைக்காத தோட்டத்திலும் கைப்பேசி அதைப் படித்துவிடும். மற்றொன்றில் ஓர் இணைய முகவரி மட்டுமே இருக்கும். விவரம் ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கும். மாதச் சந்தா கட்டத் தவறினாலும், நிறுவனம் மூடப்பட்டாலும், குறியீடு வெறும் கறுப்புக் கட்டமாகிவிடும். செய்து தருபவரிடம் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் எதைத் தேர்வது? வாடிக்கையாளர் யார் என்று முதலில் பாருங்கள். பட்டணத்து அலுவலகத்தில் இருப்பவருக்குக் கைப்பேசி போதும். தோட்டத்துப் பாட்டிக்கும், கோயில் தலைவருக்கும், மளிகைக் கடைக்காரருக்கும் தாள் வேண்டும். குழாய் உடைந்த அன்று அவர்கள் தேடுவது சுவரில் செருகி வைத்த அட்டையைத்தான். நம் நாட்டின் மைகாட் அட்டையையே பாருங்கள். 2001-இல் அதற்குள் சில்லு வைத்தார்கள். ஆனாலும் மேலே பெயரையும் படத்தையும் அச்சிடுவதை விடவில்லை. நாமும் அவ்வாறே செய்யலாம். முதலில் சிறிய அளவில் தாள் அட்டை அச்சிடுங்கள். பெயரும், செய்யும் வேலையும், எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பின்பக்கத்தில் முதல் வகைக் குறியீட்டைப் போடுங்கள். அடையாள அட்டை எண்ணை மட்டும் எந்த அட்டையிலும் போட வேண்டா. அது கண்டவர் கைக்கும் போக வேண்டிய எண் அன்று.

அச்சகத்துக்குக் கொடுக்குமுன் பெயரின் எழுத்துகளை வீட்டிலுள்ள பெரியவர்களோடு சேர்ந்து ஒருமுறை சரிபாருங்கள். நம் பெயரை வேறொருவர் எழுதிய காலம் போய்விட்டது. நாமே எழுதும்போது அது பிழையின்றி இருக்கட்டும்.