பின்பனியும் காட்டுத்தீயும்

காரமடை அரங்கநாதர் கோயிலில் மாசித்தேர் ஓடும் நாள்களில், மேற்கே மலைச்சரிவுகளில் புல் காய்ந்து வெளிறிக் கிடப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். விடியலில் பனி; நண்பகலில் சுடுவெயில். தொல்காப்பியர் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் வகுத்ததோடு நில்லாமல் பின்பனியையும் உரியதாக்கினார். மாசியும் பங்குனியுமே பின்பனி. வகுப்பில் இதை வெறும் இலக்கணமாகவே நடத்தி வந்தோம்.

கனடாவில் 1970இல் உருவான தீ வானிலைக் குறியீடும் நண்பகல் அளவுகளையே கேட்கிறது: வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், முந்தைய 24 மணி நேர மழை. சருகு எவ்வளவு உலர்ந்துள்ளது, தீ எவ்வளவு விரைந்து பரவும் என்பதை இவற்றிலிருந்து கணிக்கிறார்கள். நம் நாட்டில் இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் எரியும் காட்டைச் செயற்கைக்கோள் வழியே அறிவித்து வந்தது. 2016 முதல் எரியக்கூடிய காட்டையும் முன்கூட்டியே சொல்லத் தொடங்கியது.

ஈராண்டு கழித்து, 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கினர். 23 உயிர்கள் போயின. அதுவும் மாசி மாதமே.

கணிப்பு அலுவலகத்தோடு நின்றால் பயனில்லை. மலையடி ஊருக்கும் மலையேறுவோருக்கும் அன்றன்றே எட்டவேண்டும். அந்த நூற்பாவை இனி வெறும் இலக்கணமாக நடத்த நமக்கு மனம் வரவில்லை.