மணமானால் வேலையில்லை: பிரித்தானியாவில் இருந்த ஒரு தடை

மேலைநாட்டுப் பெண்கள் என்றுமே தடையின்றி வேலைக்குச் சென்றவர்கள் என்றும், எமது பண்பாடு வேறு என்றும் எம்மவர் திருமண வீடுகளில் அடிக்கடி பேசக் கேட்கிறோம். மணமகள் இனியும் வேலைக்குப் போகவேண்டுமா என்ற கேள்வி அதன்பின் எழுகிறது. நாம் புகலிடம் பெற்று வாழும் பிரித்தானியாவின் வரலாறோ வேறு கதை சொல்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே, இங்கு அரசாங்க அலுவலகங்களில் எழுதுவினைஞராக இருந்த பெண்கள் மணம் முடித்ததும் பதவி விலகவேண்டும் என்ற விதி இருந்தது. பாலோ திருமணமோ பதவிக்குத் தடையாகாது எனப் பாராளுமன்றம் 1919இல் சட்டம் இயற்றியது. எனினும் தடை நீங்கவில்லை. 1920களில் உள்ளூராட்சி சபைகள் பல மணமான ஆசிரியைகளை வேலைநீக்கம் செய்தன. வேல்ஸ் நாட்டின் ரொண்டாவில் நீக்கப்பட்ட ஆசிரியைகள் நீதிமன்றம் சென்று 1923இல் தோற்றனர். பூல் நகர ஆசிரியை ஒருவர் முதலில் வென்றும் மேன்முறையீட்டில் தோற்றார். மணமான பெண்ணின் முதற்கடமை வீட்டைக் கவனிப்பதே என்பது அந்நகரசபையின் வாதம்.

ஆனால் இக்கடமை எல்லாப் பெண்களுக்கும் நினைவூட்டப்படவில்லை. லங்காஷயர் நெசவாலைகளில் மணமான பெண்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அரசாங்க அலுவலகங்களைக் கூட்டித் துடைத்த பெண்களுக்கும் இத்தடை இருக்கவில்லை. அவர்களுக்கும் வீடும் பிள்ளைகளும் இருந்தனவே! நிரந்தரச் சம்பளமும் மதிப்பும் உள்ள பதவிகளுக்கே பெரும்பாலும் திருமணம் தடையாயிற்று.

லண்டன் கவுண்டி சபை ஆசிரியைகளுக்கான தடையை 1935இல் நீக்கியது. போர்க்காலத்தில் பெண்களின் உழைப்பு நாட்டுக்கு இன்றியமையாததாயிற்று. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆசிரியைகளுக்கான தடையை ஒழித்தது. அரச சேவையில் 1946இலும், வெளிநாட்டுச் சேவையில் 1973இலுமே அது அகன்றது. 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மணமான பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேரளவிலேயே வேலை செய்தனர். 1951இல் அத்தொகை இருபதைத் தாண்டியது. இருபது ஆண்டுகளில் பெண்களின் இயல்பு மாறிவிடவில்லை. காலத்தின் தேவையும் விதிகளுமே மாறின.

எம்முடன் ஊரிற் கற்பித்த ஆசிரியைகளிற் பலர் குடும்பத் தலைவியர். அவர்கள் வகுப்புக்கு வந்ததால் எந்த வீடும் குலைந்துபோனதை நாம் காணவில்லை. இங்கோ, மனைவி அதிகாலையில் துப்புரவு வேலைக்குச் செல்லும்போது நாம் தடுப்பதில்லை. அவள் ஆங்கிலம் கற்று, பரீட்சை எழுதி, தன் தகுதிக்கேற்ற உத்தியோகத்துக்கு முயலும்போதுதான் "வீட்டை யார் பார்ப்பது?" என்று கேட்கிறோம். பூல் நகரசபை கேட்டதும் இதே கேள்விதான். இந்நாடு கைவிட்ட அந்தப் பழைய விதியை எமது வீடுகளில் நாம் மீண்டும் எழுதவேண்டாம்.