வருகைப்பதிவேட்டில் எட்கர் ஆலன் போ

எட்கர் ஆலன் போ ராணுவத்தில் இருந்தவர் என்று சொன்னால் நண்பர்கள் பலர் நம்புவதில்லை. கறுப்புப் பூனையும் அண்டங்காக்கையுமாக நம் மனதில் பதிந்துபோன ஆள். ஆனால் 1827 மே மாதம், 18 வயதில், ‘எட்கர் ஏ. பெர்ரி’ என்று பெயரை மாற்றிச் சொல்லி, வயது 22 என்று பொய் சொல்லி, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அமெரிக்கப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்தது பெரும்பாலும் குமாஸ்தா வேலை. கணக்கு, கடிதம், பதிவேடு. மனுஷன் அதைப் பிரமாதமாகச் செய்திருக்கிறார். இரண்டு வருடத்துக்குள் சார்ஜன்ட் மேஜர் ஆகிவிட்டார். போவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அதிகாரியாகும் ஆசையில், தன் இடத்துக்கு மாற்று ஆள் கொடுத்து 1829 ஏப்ரலில் விலகினார். அடுத்த வருடம் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்குப் போனார்.

அந்தக் கல்லூரியை 1817 முதல் நடத்தியவர் சில்வேனஸ் தேயர். அவர் கொண்டுவந்த முறைப்படி சின்னச் சின்னக் குழுக்களாக வகுப்பு. தினமும் கரும்பலகை முன் நின்று பாடத்தை ஒப்பிக்க வேண்டும், தினமும் மதிப்பெண். போர்க்கலை, கணிதப் புத்தகங்கள் பல பிரெஞ்சில் இருந்ததால் பிரெஞ்சும் கட்டாயம். நடுவில் அணிவகுப்பு, காவல் பணி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். பொத்தான் போடாததில் தொடங்கி எல்லாத் தவறுக்கும் கறுப்புப் புள்ளி உண்டு. வருடத்தில் 200 புள்ளி தாண்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். என்.சி.சி.யில் ‘பி’ சான்றிதழுக்காக 75 சதவீத வருகையை எண்ணிக்கொண்டு கிடந்த என்னைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் புரியும். கால் வலியைக்கூட மறந்துவிடலாம், பதிவேட்டை மறக்க முடியாது.

போவால் சமாளிக்க முடியவில்லை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். 1831 ஜனவரித் தேர்வு முடிவைப் பாருங்கள். 87 பேர் வகுப்பில் பிரெஞ்சில் 3ஆம் இடம், கணிதத்தில் 17ஆம் இடம். இதைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

அவரை நெருக்கியது பணம். வளர்ப்புத் தந்தை ஜான் ஆலன் போதுமான காசு அனுப்பவில்லை. மறுமணமும் செய்துகொண்டார். சொத்து இனி தனக்கில்லை என்று போவுக்குத் தெரிந்துவிட்டது. விலகலாம் என்றால் அதற்குப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். ஆலன் அந்தச் சம்மதத்தைக் கொடுக்கவில்லை.

ஒரு தாளில் கையெழுத்து கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பழைய குமாஸ்தா வேறு தாளைப் பிடித்தார். ஜனவரி 3ஆம் தேதி ஆலனுக்கு எழுதிய கடிதத்தில், சம்மதம் வராவிட்டால் பாடத்தையும் கடமையையும் கைவிடப் போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொன்னபடியே அணிவகுப்புக்குப் போகவில்லை, வகுப்புக்குப் போகவில்லை, தேவாலயத்துக்குப் போ என்று உத்தரவிட்டும் போகவில்லை. வெறும் தோள்வாரோடு நிர்வாணமாக அணிவகுப்புக்கு வந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கிடையாது. அப்படி ஆட்டம் போட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை என்பேன். ‘வரவில்லை’ என்ற குறிப்பு தினமும் சேர்ந்துகொண்டிருந்ததே, அது போதாதா?

ஜனவரி 28 அன்று ராணுவ நீதிமன்றம் கூடியது. கடமை தவறியது, உத்தரவை மீறியது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நீக்கம் மார்ச் 6 முதல் என்று முடிவானது. அதுவரை வரும் சம்பளத்தில் கடனைக் கழித்துக்கொள்ளத்தான் அந்த அவகாசம்.

பிப்ரவரியிலேயே கிளம்பிவிட்டார். ஆனால் சக மாணவர்கள் அவரை விடவில்லை. அவருடைய கவிதைப் புத்தகத்துக்கு ஆளுக்கொரு சிறு தொகையைத் தங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். தேயரும் அனுமதித்தார். அதே வருடம் புத்தகம் வந்தது, வெஸ்ட் பாயிண்ட் மாணவர் படைக்கே சமர்ப்பணம். அதிகாரிகளைக் கிண்டலடித்து போ எழுதிக் காட்டிய பாட்டுகளை எதிர்பார்த்துப் பிரித்த பையன்களுக்கு, உள்ளே கிடைத்தது ஹெலனும் இஸ்ரஃபேலும். காசு போச்சே என்று எரிச்சலானார்கள்.