ஆடையும் மதிப்பும்: சதிர்க்கச்சை முதல் கலாக்ஷேத்திரப் புடவை வரை

1920களின் பிற்பகுதியில் சென்னை மேடைகளில் வழக்கறிஞர் ஒருவர் புடவை உடுத்தி, நகை பூண்டு, காலில் சலங்கை கட்டிச் சதிர் ஆடினார். அவர் ஈ. கிருஷ்ணய்யர். வழிவழியாக ஆடிவந்த பெண்கள் ஆடினால் அது இழிவு என்று பேசப்பட்ட காலம் அது. பிற குடும்பத்துப் பெண்கள் ஆடுவதோ எண்ணிப் பார்க்கவும் இயலாததாக இருந்தது. அழியும் நிலையிலிருந்த கலையின் சிறப்பை ஊரார்க்கு உணர்த்த ஓர் ஆடவர் பெண்ணுடை தரிக்க வேண்டியதாயிற்று. ஒரு பெண் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதைப் பற்றி அன்றைய சமூகம் கொண்டிருந்த அச்சத்திற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தேவதாசி மரபினரான தாய்க்குப் பிறந்து மருத்துவராக உயர்ந்த முத்துலட்சுமி ரெட்டி, கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க 1930இல் சட்ட முன்வரைவு கொணர்ந்தார். பெண்ணின் விடுதலையே அவர் நோக்கம். அது 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டமாயிற்று. வழக்கம் ஒழிய வேண்டியதே. ஆனால் அதனோடு கலையும் கலைஞரும் என்னாவது என்ற வினாவிற்கு விடை எளிதாகக் கிடைக்கவில்லை.

விடையின் ஒரு பகுதி மயிலாப்பூரிலிருந்து அடையாற்றிற்குச் சென்றது. கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த மரபில் வந்த மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் ருக்மிணி தேவி அருண்டேல் சதிர் பயின்றார். 1904இல் மதுரையில் பிறந்த அவர், ருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பால் நடனத்தின்பால் ஈர்க்கப்பட்டவர். 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அவர் ஆடினார். மறு ஆண்டே கலாக்ஷேத்திரம் தோன்றியது.

அந்த மேடையில் மாறியது ஆட்டம் மட்டுமன்று; ஆடையும் மாறியது. பழைய நிழற்படங்களில் சதிர்க் கலைஞர்கள் காற்சட்டையின் மேல் நீண்ட புடவையைக் கொசுவிச் சுற்றி, கனத்த மடிப்புகளோடு நிற்பதைக் காணலாம். ருக்மிணி தேவி, கஸான் என்னும் இத்தாலிய உடைக்கலைஞரின் துணையோடு, கோயிற் சிற்பங்களை நோக்கிப் புதிய உடையை வகுத்தார். பட்டுத் துணியை வெட்டி, உடலுக்கேற்பத் தைத்து, முன்புறம் விசிறி மடிப்பு வைத்தனர். அரைமண்டியில் அமரும்போது அம்மடிப்பு விரியும், நிமிர்ந்தால் மூடும். உடல் வரையும் கோடுகள் தெளிவாகப் புலப்பட்டன. இன்று உலகில் எங்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் நடப்பினும் பெரும்பாலும் இத்தகைய தைத்த உடையே கண்ணிற்படுகிறது.

அடுத்து அவர் கவனம் தறியின்மேல் சென்றது. 1937இல் கலாக்ஷேத்திரத்தில் நெசவுக்கூடம் தொடங்கப்பெற்றது. பழம்புடவைகளின் கரைகளும் நிறச் சேர்க்கைகளும் அங்கு மீண்டும் தறியேறின. காஞ்சிபுரக் கோர்வை முறையில் உடலையும் கரையையும் வெவ்வேறு நிற இழைகளால் நெய்து ஊடுகோத்து இணைக்க வேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் நெசவாளரோடு துணைக்கு இன்னொருவரும் அமர்வதுண்டு. உழைப்பு மிகுந்த இம்முறையையும் அகன்ற கரையையும் மண்ணின் நிறங்களையும் அவர் விரும்பினார். நாளடைவில் 'கலாக்ஷேத்திரப் புடவை' என்பது ஒரு பாணியின் பெயராகவே வழங்கலாயிற்று. 1928இல் நல்லி சின்னசாமி செட்டியார் கடை தொடங்கிய தியாகராய நகர் பட்டு வாணிகத்தின் பேரூராக வளர்ந்தது. தறியில் பிறந்த சுவை கடைவீதிக்கும், அங்கிருந்து திருமண மணைக்கும் பரவிற்று. 'வடிவமைப்பாளர்' என்னும் சொல் தமிழில் வழக்கேறுமுன்பே அப்பணியை நிறைவேற்றியவர் ருக்மிணி தேவி எனல் மிகையன்று.

ஆயினும் இவ்வரலாற்றிற்கு மறுபக்கம் உண்டு. புதிய உடை ஆடும் பெண்ணுக்கு மதிப்பை ஈட்டித் தந்தது. ஆனால் 'மதிப்புக்குரிய தோற்றம்' என்று ஒன்றை வகுத்தவுடன், பழைய தோற்றம் மதிப்பற்றது என்ற பொருளும் சொல்லாமலே தோன்றிவிடுகிறது. இதை ஏற்க மறுத்தவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தியான அவரும் கௌரி அம்மாளிடம் அபிநயம் பயின்றவரே. உடுத்தும் புடவையின் பழைய மரபை அவர் விடவில்லை. 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டின் தலைமையுரையில், சிருங்காரமே உயர்ந்தது என்றும், மரபாக வந்த கலையில் புதிதாகத் தூய்மைப்படுத்த வேண்டியது எதுவுமில்லை என்றும் அவர் நிலைநாட்டினார். ஒரே ஆசிரியையிடம் பயின்ற இருவர், பெண்ணின் தோற்றத்தைப் பற்றி இருவேறு நிலை கொண்டனர். இருவரும் தத்தம் வழியில் அக்கலையை உலகரங்கிற்கு எடுத்துச் சென்றனர்.

கௌரி அம்மாளின் கதையே மனத்தை உறுத்துவது. இருவர்க்கும் கற்பித்த அவர், கலாக்ஷேத்திரத்திலும் கற்பித்தார். கோயில் சார்ந்த வாழ்வு நின்றபின் வறுமையில் உழன்று 1971இல் மறைந்தார். புதிய உடையின் அழகைப் புகழ்வோர், அந்த உடைக்குள் இருந்த கலையைத் தந்தவரின் நிலையை எண்ணுவது அரிதாயிற்று.

1995இல் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகத்தின் சென்னை மையம் அமைந்தது. அடையாற்றிற்கு அணித்தேயுள்ள தரமணியில் இளைஞர் இன்று வடிவமைப்பைப் பட்டப்படிப்பாகப் பயில்கின்றனர். வரைபலகை கணினிக்கு மாறியிருக்கலாம், வினா மாறவில்லை. ஆடையை வகுப்பவர் யார்? யாருடைய உடலுக்காக? அந்த உடலுக்குரியவளைக் கேட்டு வகுத்தனரா?

இவ்வினா தையற்கலைஞர்க்கு மட்டும் உரியதன்று, கவிஞர்க்கும் உரியது. பாதம் முதல் கூந்தல் வரை பெண்ணை அங்கம் அங்கமாக வருணிக்கும் மரபு தமிழ்க் கவிதைக்குப் பழையது. அதுவும் ஒருவகை ஆடையே. சொல்லால் நெய்து பெண்மேல் போர்த்துவது. ஈ. கிருஷ்ணய்யர் பெண்ணுடை தரித்து நூற்றாண்டு நெருங்கும் இவ்வேளையில், தன் தோற்றத்தைத் தானே வகுக்கும் பெண்ணின் சொல்லுக்குக் கவிஞர் செவிசாய்ப்பாராயின், கௌரி அம்மாளுக்குச் செலுத்தாமல் விட்ட கடனில் சிறிதளவேனும் தீரும்.