எழுத்தும் குரலும்: புராணபடனமும் படவில்லை விரிவுரையும்

படவில்லைகளை வைத்து உரை நிகழ்த்துவோருக்குச் சொல்லப்படும் புத்திமதிகளில் பெரும்பாலானவை எண்ணிக்கை பற்றியவை: ஒரு படவில்லைக்கு ஆறு வரி, வரிக்கு ஆறு சொல். ஆங்கிலத்தை மனத்திற்கொண்ட இவ்விதி தமிழுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது ஒருபுறமிருக்க, அது பிழையை வேறிடத்தில் தேடுகிறது. எழுத்தின் மிகுதியைக் காட்டிலும், எழுத்தும் குரலும் ஒரே கணத்தில் கேட்போரின் கவனத்தைப் பங்குபோட்டுக்கொள்வதே உரையைக் கெடுக்கிறது. றிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் இதற்குச் சான்று. படத்தோடு விளக்கக் குரலை மட்டும் கேட்ட மாணவர், அதே சொற்களைத் திரையிலும் பெற்றவர்களைவிட நன்றாக விளங்கிக்கொண்டனர். கண் படத்துக்கும் எழுத்துக்கும் இடையே அலைகிறது; மனம் வாசித்ததையும் கேட்டதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பவர்பொயின்ற் வெளிவந்தது 1987இல். அதற்கு வெகுகாலம் முன்பே யாழ்ப்பாணம் இச்சிக்கலை வேறொரு மேடையில் தீர்த்திருந்தது.

கோயில்களில் கந்தபுராணமோ, திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணமோ படிக்கப்படும் புராணபடனத்தில் இருவர் அமர்கின்றனர். வாசிப்பவர் செய்யுளை இராகத்தோடு பாடி, பிறகு தொடர்தொடராகப் பிரித்துக் கொடுக்கிறார்; பயன் சொல்பவர் அந்தத் துண்டுக்குப் பொருள் விரிக்கிறார்; அதுவரை வாசிப்பவர் வாய் திறப்பதில்லை. மூலம் சுருக்கப்படுவதில்லை, கந்தபுராணம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள் கொண்டதாயினும். மூலமும் விளக்கமும் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. 1847 டிசெம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பிரசங்கம் வேறு வகை. மிஷனரிமாரின் பிரசங்க முறையை உள்வாங்கிய அதில் குரல் ஒன்றே. இன்றைய விரிவுரையாளர் தம்மை அந்தப் பிரசங்கியின் வழித்தோன்றலாக எண்ணியே மேடையேறுகிறார். ஆனால் திரையோ மூலத்தை மேடைக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. எனவே அவருக்கு முன்மாதிரி படனமே. திரையை வாசிப்பவராகக் கொண்டால், புதிய வரி தோன்றியதும் பேச்சை நிறுத்தி, சபை வாசித்து முடிந்தபின் திரையில் இல்லாததைச் சொல்ல வேண்டும். திரையில் இருப்பதையே ஒப்புவிப்பவர் பயன் சொல்லவில்லை. இரண்டாம் முறை வாசிக்கிறார், அதுவும் இராகமில்லாமல்.

புராணம் கேட்பவருக்குக் கதை முன்பே தெரியும், இழையவியல் விரிவுரைக்கு வருபவருக்கு அப்படியல்லவே என்று ஒருவர் மறுக்கலாம். தெரிந்த கதைக்கே இத்தனை இடைவெளி வேண்டியிருந்ததென்றால், தெரியாத பாடத்துக்கு அது குறையக் காரணமில்லை. இதைவிடக் கனமான மறுப்பு மொழி பற்றியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கில மொழிமூலம். மாணவர் பலர் உயர்தரம்வரை தமிழில் கற்றவர்கள். இரண்டாம் மொழியில் கேட்பவருக்குத் திரையெழுத்து துணையாகலாம் என்பதை மேயரும் ஏற்கிறார். சொல்லைக் குறைக்கச் சொல்லும் விதி இங்கே மாணவரைக் கைவிட்டுவிடும். வரிசையைப் பேணும் விதி கைவிடாது. வரைவிலக்கணம் முழுமையாகத் திரையில் நிற்கட்டும். வாசிக்க நேரம் கொடுத்தபின் விளக்கம் தமிழிலேயே வரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண்ணில், அது இயலாதென்ற வாதம் எடுபடாது.

படவில்லைகளே பிறகு வட்ஸ்அப்பில் பாடக்குறிப்பாகச் சுற்றுகின்றன, ஆகவே எல்லாம் அவற்றில் இருந்தாக வேண்டும் என்பது கடைசி மறுப்பு. நெரிசலின் உண்மையான ஊற்றும் இதுவே. ஒரே தாள் உரைக்குத் துணையாகவும் ஆவணமாகவும் நிற்க முயலும்போது இரண்டும் கெடுகின்றன. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2003இல் விபத்துக்குள்ளான கொலம்பியா விண்ணோடத்தில் மோதிய நுரைத்துண்டு, சோதனைத் தரவிலிருந்ததைவிட ஏறத்தாழ 640 மடங்கு பெரிதென்ற மதிப்பீடு ஒரு படவில்லையின் அடிவரியில் கிடந்தது. விண்ணோடத்தை இயக்கிய நிறுவனத்தின் போக்கே விபத்துக்குப் பெருங்காரணம் என்பது சரி. ஆயினும் தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாகப் படவில்லைகளைக் கையாளும் வழக்கத்தை விசாரணைக் குழு தனியாகக் கண்டித்தது. குறிப்பைத் தொடர் உரைநடையில் வேறாக எழுதிக் கொடுப்பதே முறை. அதை யூனிகோட்டில் தட்டச்சிடுவது நல்லது. பாமினியில் அடித்தது அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குழப்பமாகவே திறக்கும். நிறுத்தி நிறுத்திச் சொல்வதால் 15 நிமிடக் கருத்தரங்க உரையில் சொல்லக்கூடியது குறையும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை; மிஞ்சியதற்கு அந்தக் குறிப்பில் இடமுண்டு.