பழைய டீசல் மின்னாக்கிகளுக்கான கேஸ்கெட்

கேஸ்கெட் என்பது இரண்டு உலோகப் பரப்புகள் இணையும் இடத்தில் எண்ணெய், எரிபொருள், நீர் அல்லது வளிமம் கசியாமல் தடுப்பதற்காக இடையில் வைத்து இறுக்கப்படும் அடைப்புப் பொருள் ஆகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது பொதுவாக பேக்கிங் என்று அழைக்கப்படுகிறது. நெடுநாள் இயங்காமல் கிடந்த டீசல் மின்னாக்கி ஒன்றைச் சீரமைக்கும்போது, பிரிக்கப்படும் ஒவ்வொரு இணைப்பிலும் பழைய கேஸ்கெட் கிழிந்தோ காய்ந்தோ போயிருக்கும். தயாரிப்பாளர் உற்பத்தியை நிறுத்திவிட்ட பொறிகளுக்கு அவற்றைக் கடையில் வாங்க இயலாது. தாளாகக் கிடைக்கும் மூலப்பொருளை வாங்கி வெட்டிக்கொள்ள வேண்டும். இக்கட்டுரை அவ்வாறு வெட்டும் முறையையும், அதில் கவனிக்க வேண்டிய அளவுகளையும், பழைய கேஸ்கெட்டுகளில் உள்ள அஸ்பெஸ்டாஸ் பற்றிய எச்சரிக்கையையும் விளக்குகிறது.

பின்னணி

ருடால்ஃப் டீசல் உருவாக்கிய பொறி 1897 இல் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் டர்சிலி நகரில் இயங்கிய லிஸ்டர் நிறுவனம் 1929 இல் சி.எஸ். வகைப் பொறியை அறிமுகப்படுத்தியது. நிமிடத்துக்கு 600 சுற்றுகளில் 5 குதிரைத்திறன் தந்த இந்த மெதுவேகப் பொறியும், பின்னர் வந்த 650 சுற்று, 6 குதிரைத்திறன் வடிவமும் இந்தியாவில் பெரிதும் பரவின. குசராத்தின் ராஜ்கோட் நகரப் பட்டறைகள் இதே வடிவமைப்பில் பொறிகளைச் செய்து விற்றன. புனேயில் 1946 இல் நிறுவப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனத்தின் 1500 சுற்றுப் பொறிகளும் உழவர்களிடையே புகழ் பெற்றவை.

சுரண்டை, தென்காசிக்குக் கிழக்கே அமைந்துள்ள ஊர். 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, பின்னர் தென்காசி மாவட்டத்தின் பகுதியானது. கிணற்றுப் பாசனமும் குளத்துப் பாசனமும் உள்ள இவ்வட்டாரம் போன்ற இடங்களில், மின் இணைப்பு வருவதற்கு முன் நீர் இறைக்கப் பயன்பட்டது ஆயில் எஞ்சின் எனப்பட்ட இவ்வகைப் பொறியே. 1990 இல் தமிழ்நாட்டில் உழவர்களுக்கான மின்சாரம் கட்டணமில்லாமல் ஆக்கப்பட்ட பின் மின்விசைக் குழாய்கள் பெருகின. ஆயில் எஞ்சின்கள் கொட்டகை மூலைகளுக்குச் சென்றன. 2008 முதல் சில ஆண்டுகள் மாநிலத்தில் நிலவிய கடும் மின்வெட்டின்போது, அவற்றுள் பலவற்றை மின்னாக்கியுடன் இணைத்து மீண்டும் இயக்கும் தேவை எழுந்தது.

நான்கு முனை கொண்ட மின்னாக்கி 50 ஏர்ட்சு மின்சாரம் தர நிமிடத்துக்கு 1500 முறை சுழல வேண்டும். 1500 சுற்றுப் பொறியை நேரடியாக இணைக்கலாம். 650 சுற்றுப் பொறியில் ஏறத்தாழ 2.3 மடங்கு வேகம் கூட்டும் வார்ப்பட்டை தேவை.

கேஸ்கெட் ஏன் தேவை

இயந்திரத்தில் கடைந்த பரப்பும் நுண்ணளவில் மேடு பள்ளமானதே. இரு பரப்புகளை நேரடியாக இறுக்கினால் பள்ளங்களின் வழியே திரவம் வெளியேறும். உலோகத்தைவிட மென்மையான பொருளை இடையில் வைத்து அழுத்தும்போது அது பள்ளங்களை நிரப்புகிறது. மேலும், பொறி சூடாகி விரியும்போதும் குளிர்ந்து சுருங்கும்போதும் அது ஓரளவு மீண்டெழுந்து அடைப்பைத் தொடர்கிறது. இந்த மீளும் தன்மையை இழந்ததே காய்ந்த கேஸ்கெட்.

தடிமன் கூடினால் அடைப்பும் கூடும் என்பது தவறான எண்ணம். உள்ளிருந்து வரும் அழுத்தம் கேஸ்கெட்டின் உள்விளிம்பைத் தள்ளுகிறது. தடிமன் கூடக்கூட அந்த விளிம்பின் பரப்பும் அதன்மீது செயல்படும் விசையும் கூடுகின்றன. எனவே பரப்பின் நிலை இடந்தரும் அளவுக்கு மெல்லிய தாளே சிறந்தது.

மூலப்பொருட்கள்

எண்ணெய்த்தாள்: தாவர நாரால் ஆன பழுப்புத் தாள். எண்ணெய் அறை மூடிகள், தாங்கி உறைகள், எரிபொருள் பம்பின் அடிப்பகுதி ஆகியவற்றுக்கு ஏற்றது.

தக்கை: ஒருவகை ஓக் மரத்தின் பட்டையிலிருந்து பெறப்படுவது. ரப்பர் கலந்த தக்கைத்தாள், சற்றே வளைந்துபோன தகரமூடிகளுக்கு ஏற்றது. மிகையாக இறுக்கினால் பிதுங்கிக் கிழியும்.

நைட்ரைல் ரப்பர்: டீசலையும் எண்ணெயையும் தாங்கும். இதற்கு மாற்றாகப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைப்பது வழக்கம். ஆனால் அந்த ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். குளிர்ந்த நீர்க்குழாய் இணைப்பில் மட்டுமே அது நிலைக்கும்.

அழுத்திய நார்த்தாள்: அராமிட் போன்ற செயற்கை நாரும் ரப்பரும் சேர்த்து அழுத்தியது. வெந்நீர்ப் பகுதிகளுக்கு ஏற்றது. புகைபோக்கி இணைப்பின் வெப்பத்துக்கு உலோகத் தகடு பதித்த கிராஃபைட் தாள் தேவை.

தாமிரம்: எரிபொருள் தெளிப்பானின் அடி வளையம், குழாய் முனை வளையங்கள் ஆகியவற்றுக்கு.

நாட்காட்டி அட்டை: மாதிரி வெட்டிப் பார்க்கச் சிறந்தது. கேஸ்கெட்டாகப் பயன்படுத்தினால் எண்ணெயை உறிஞ்சி விரைவில் மசிந்துவிடும்.

தாளும் தக்கையும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்குபவை. சூன் முதல் செப்டம்பர் வரை சாரல் வீசும் தென்காசி, குற்றாலம் பகுதியில் வெட்டிய கேஸ்கெட், கோடையில் எடுத்துப் பார்க்கும்போது துளைகள் பொருந்தாமல் சுருங்கியிருக்கக்கூடும். வெட்டியவற்றை நெகிழிப் பையில் தட்டையாக வைத்துப் பாதுகாக்க வேண்டும். சுருங்கிய எண்ணெய்த்தாளைச் சிறிது நேரம் ஈரத்துணியில் வைத்தால் பெரும்பாலும் பழைய அளவுக்கு வரும்.

வெட்டும் முறை

1. பழைய கேஸ்கெட்டின் துண்டு கிடைத்தால் அதன் தடிமனை நுண்ணளவியால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இறுகிக் கிடந்த தாள் புதிய தாளைவிடச் சற்று மெலிந்திருக்கும் என்பதை நினைவிற் கொள்க.

2. உலோகப் பரப்பைத் தூய்மை செய்து, விளிம்பில் மெல்லியதாக எண்ணெய் தடவி, தாளை அதன்மேல் அழுத்தினால் வடிவம் பதியும். தாளை வைத்து விரலால் தேய்த்தும் விளிம்பை எடுக்கலாம்.

3. முதலில் போல்ட் துளைகளை வெட்ட வேண்டும். துளையிடும் பஞ்சைப் பயன்படுத்தி மரக்கட்டையின்மேல் வைத்து அடித்தால் துளை பிசிறின்றி அமையும். துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது நன்று.

4. இரண்டு துளைகளில் போல்ட்டைச் செருகித் தாளை நிலைப்படுத்தி, குறிகள் சரிதானா என மீண்டும் பார்க்க வேண்டும்.

5. உள்வடிவத்தை முதலிலும் வெளிவடிவத்தைக் கடைசியிலும் வெட்ட வேண்டும். வெளிப்புறத்தை முதலில் வெட்டினால் கையில் பிடிக்க இடமின்றித் தாள் கிழியும்.

6. எண்ணெய் செல்லும் சிறு வழிகள் அனைத்தும் தாளிலும் திறந்திருக்கின்றனவா என எண்ணிப் பார்க்க வேண்டும். மறைந்துபோன ஒரு எண்ணெய்த் துளை, தாங்கியை எண்ணெயின்றித் தேய்த்துப் பொறியை அழித்துவிடும்.

பொறியின்மேலேயே தாளை வைத்துச் சுத்தியலின் உருண்டை முனையால் தட்டி வெட்டும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. வார்ப்பிரும்பின் கூர்விளிம்பில் இது விரைவாக முடியும். ஆனால் அலுமினிய உறையில் விளிம்பு நசுங்கும். பிசிறுகள் எண்ணெய் அறைக்குள் விழும். எனவே மேற்கூறிய முறையே விரும்பத்தக்கது.

தடிமனே அளவாகும் இடங்கள்

சில கேஸ்கெட்டுகள் கசிவைத் தடுப்பதோடு, பொறியின் உள் அளவுகளையும் நிர்ணயிக்கின்றன. இவற்றில் கைக்குக் கிடைத்த தாளை வைப்பது ஆபத்து.

உருளையின் அடிப்பகுதி: இங்குள்ள தாள் அல்லது தகடு, பிஸ்டன் உச்சிக்கும் தலைக்கும் இடையிலான இடைவெளியைத் தீர்மானிக்கிறது. மெலிந்தால் பிஸ்டன் தலையில் மோதும். தடித்தால் அமுக்க விகிதம் குறையும். எடுத்துக்காட்டாக, உருளையின் விட்டம் 80 மி.மீ., வீச்சு 110 மி.மீ., அமுக்க விகிதம் 16.5 எனக் கொள்வோம். வீச்சுக் கனஅளவு ஏறத்தாழ 553 கன செ.மீ.; உச்சியில் எஞ்சும் இடம் 35.7 கன செ.மீ. தாள் 0.5 மி.மீ. தடித்தால் எஞ்சும் இடம் 2.5 கன செ.மீ. கூடி, விகிதம் 15.5 ஆகக் குறைகிறது. கைப்பிடி சுற்றி இயக்கும் பொறி குளிர்ந்த காலையில் இயங்க மறுக்க இதுவே போதும். இந்த இடைவெளியை அளக்க, பிஸ்டன்மேல் மெல்லிய ஈயக் கம்பியை வைத்து, தலையை இறுக்கி, பொறியைக் கையால் ஒருமுறை சுற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனை அளப்பர். அது தயாரிப்பாளர் கையேட்டின் அளவோடு ஒத்திருக்க வேண்டும்.

எரிபொருள் பம்பின் அடிப்பகுதி: பல ஒற்றையுருளைப் பொறிகளில் இங்குள்ள மெல்லிய தகடுகளின் எண்ணிக்கையே எரிபொருள் தெளிக்கும் நேரத்தை அமைக்கிறது. தடிமன் கூடினால் தெளிப்பு தாமதமாகும், குறைந்தால் முந்தும். கழற்றியவற்றை எண்ணி, ஒன்றாகக் கட்டி வைக்க வேண்டும்.

தாங்கி உறை: இதன் தாள்கள் மாற்றித்தண்டின் பக்கவாட்டு அசைவைத் தீர்மானிக்கின்றன. மெலிந்தால் தண்டு இறுகிச் சூடேறும்.

தாமிர வளையங்கள்

ஒருமுறை நசுங்கிய தாமிரம் கடினமாகிவிடுவதால் மீண்டும் சரியாக அடைக்காது. அதனை மங்கிய செந்நிறம் வரும்வரை சூடாக்கி நீரில் இட்டால் மென்மையாகும். எஃகைப் போல் தாமிரம் நீரில் குளிர்வதால் கடினமாவதில்லை. பின் கருமையைத் தேய்த்து நீக்கிப் பயன்படுத்தலாம். தெளிப்பானின் அடியில் பழைய வளையத்தின் மேலேயே புதியதை வைத்தால் தெளிப்பான் முனை உயர்ந்து எரிதல் கெடும். எனவே பழையது உள்ளே ஒட்டியிருக்கிறதா எனப் பார்ப்பது இன்றியமையாதது.

தலைக் கேஸ்கெட்

இதனைக் கையால் வெட்டக்கூடாது. எரிதலின்போது உருளையின் அழுத்தம் 65 பார் எனக் கொண்டால், 80 மி.மீ. உருளையின் தலையை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 3.3 டன் எடைக்குச் சமம். சாதாரண நார்த்தாள் இதனையும் எரியும் வளிமத்தின் வெப்பத்தையும் தாங்காது. அளவு கொடுத்துச் செய்து வாங்குவதோ, பொறிக்கு ஏற்றால் முழுத் தாமிரத் தகட்டில் வெட்டச் செய்வதோ தான் வழி.

அஸ்பெஸ்டாஸ் எச்சரிக்கை

பழைய தலைக் கேஸ்கெட்டுகளிலும் புகைபோக்கிக் கேஸ்கெட்டுகளிலும் அழுத்திய தாள்களிலும் வெள்ளை அஸ்பெஸ்டாஸ் பரவலாகப் பயன்பட்டது. வெப்பத்தையும் எண்ணெயையும் தாங்குவதுடன் விலையும் மலிவு என்பதே காரணம். அதன் நுண்ணிழைகளை மூச்சில் இழுப்பது நுரையீரல் புற்றுநோயையும், நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதெலியோமா என்னும் புற்றுநோயையும் உண்டாக்கும் என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. நோய் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படுவதால், பட்டறையில் சுரண்டியவருக்கும் அவர் நோய்க்கும் உள்ள தொடர்பு எளிதில் மறைந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் இதனைத் தடை செய்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995 சனவரியில், அஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி எனத் தீர்ப்பளித்து, அவர்களின் உடல்நலப் பதிவேடுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் பேண வேண்டும் என ஆணையிட்டது.

ஒரு கேஸ்கெட்டில் அஸ்பெஸ்டாஸ் உள்ளதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. எனவே பழைய சாம்பல் நிறத் தாள்கள் அனைத்தையும் உள்ளது எனக் கொண்டே கையாள வேண்டும்:

- சுரண்டும் முன் நீரால் நன்கு நனைத்து, பணி முடியும்வரை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும்.
- கம்பித் தூரிகை, உப்புத்தாள், அரைக்கும் இயந்திரம் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது.
- காற்றுக் குழாயால் ஊதவோ உலர்ந்த துடைப்பத்தால் கூட்டவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.
- நுண்துகள் வடிகட்டும் முகக்கவசம் அணிய வேண்டும். முகத்தில் கட்டிய துண்டு இவ்விழைகளைத் தடுக்காது.
- துகள்களையும் துணியையும் இரட்டைப் பையில் கட்டி மூட வேண்டும், எரிக்கக் கூடாது. பணி உடையை வீட்டாரின் உடைகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

பொருத்துதலும் சோதனையும்

பரப்புகள் உலர்ந்தும் தூய்மையாகவும் இருக்க வேண்டும். அரக்குக் கரைசலோ சிலிக்கோன் பசையோ தடவினால் மிக மெல்லியதாகத் தடவ வேண்டும். உள்ளே பிதுங்கும் பசை எண்ணெய் வடிகட்டியை அடைக்கும். நட்டுகளைக் குறுக்கு வரிசையில், மூன்று நான்கு கட்டங்களாக இறுக்க வேண்டும். பொறியைச் சூடாகும்வரை இயக்கிக் குளிரவிட்ட பின், கையேடு கூறினால் தலை நட்டுகளை மீண்டும் இறுக்கி, அடைப்பிதழ் இடைவெளிகளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். புகைபோக்கி இணைப்பில் கசிவு இருந்தால் மூடிய கொட்டகையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அவ்வளிமத்துக்கு மணமில்லை, ஆகவே முதல் இயக்கத்தைத் திறந்த வெளியில் நடத்துவதே பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

- டீசல் பொறி
- மின்னாக்கி
- அமுக்க விகிதம்
- அஸ்பெஸ்டாஸ்
- சுரண்டை